மச்சானின் பரீட்சை

கரைத்தீவு, புத்தளம்.
14.01.2016

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் நானும் சுகம். நீங்களும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

முதலில் கதவைப் பாருங்கள். மச்சான் வீட்டில் இருந்தால் இதைப் பிறகு வாசியுங்கள். டோஹாவுக்குப் பொதி கொண்டு போய் வருகிற பாறூக் நாநா நாளைக்குப் போகிறார். கருவாட்டுப் பொதியை உம்மா கட்டி வைத்துவிட்டுப் படுத்த பிறகு நான் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அடியில் விரித்த தாளுக்குக் கீழே இதை வைத்திருக்கிறேன். உங்கள் போனை மச்சான் பார்ப்பார் என்பதால்தான் இந்த வழி.

ராத்தா, எனக்குப் படிக்க என்று மச்சான் லெப்டொப் அனுப்பினாரே, அது என் படிப்புக்கு இல்லை. அவர் எழுதப்போகும் பி.எம்.பி. பரீட்சைக்கு. கட்டடம், பாதை என்று பெரிய வேலைகளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடத்தத் தெரிந்தவர் என்று சான்றிதழ் கொடுக்கிற பரீட்சை அது. விண்ணப்பிக்க முதல் முப்பத்தைந்து மணித்தியாலம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். ஒன்லைன் வகுப்பு. அவருக்குப் பதிலாக அதில் இருப்பது நான். திரையில் என் பெயர் றஸீன்.

ஆங்கில தினப் போட்டியில் மாவட்டத்தில் இரண்டாமிடம் வந்தேன் என்று நீங்கள்தான் அவரிடம் பெருமையாகச் சொன்னீர்களாம். அதுதான் வினை.

"மிஸ்டர் றஸீன், நீங்கள் சொல்லுங்கள்" என்று சேர் கேட்கும்போது மைக் பழுது என்று டைப் பண்ணுவேன். தொடங்கின நாளிலிருந்து மைக் பழுது. புதியது ஒன்று வாங்குங்கள், நல்ல சம்பளம் எடுக்கிறீர்கள்தானே என்று சேர் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் இங்கே தனியாகச் சிரித்தேன். பிறகு ஏன் என்று தெரியாமல் அழுதேன்.

வகுப்பு முடிய மச்சான் போன் எடுப்பார். படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும், எழுதியும் அனுப்ப வேண்டும். பிழைத்தால், "மாட்டுக்குச் சொன்னாலும் விளங்கும்" என்பார். யாருக்கும் சொல்லக் கூடாது, உங்களுக்குச் சொன்னால் நீங்கள் பிள்ளை பெற வீட்டுக்கு வருகிற கதையே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். பரீட்சை பாஸ் என்றால் பதவி உயரும், லீவும் டிக்கட்டும் கிடைக்கும், உங்களைக் கொண்டுவந்து விடுவாராம்.

வாப்பாவிடம் எப்படிச் சொல்வது? "எண்ட மருமகன் தங்கம், சொந்தத் தங்கச்சி மாதிரி நினைச்சு அனுப்பியிருக்கார்" என்று உப்பளம் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இந்தப் பொய்யை என்னோடு இன்னொருவரும் தெரிந்து வைத்திருந்தால் கொஞ்சம் நித்திரை வரும்.

உங்கள் தங்கை
நஸ்லா

*

டோஹா.
09.02.2016

என் அன்பான தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதத்தைக் குளியலறையில் நின்று வாசித்தேன். உன் கையெழுத்து இன்னும் சரிந்துதான் கிடக்கிறது. மூன்று மாதமாக ஒரு வரி இல்லை என்று உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை.

நீ வகுப்பில் இருக்கிற நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார் தெரியுமா? சட்டையெல்லாம் மாற்றி, கொப்பி ஒன்றும் எடுத்துக்கொண்டு, "வகுப்புக்குப் போறன்" என்று கூட்டாளி ஹயாத்து முகம்மதுவின் அறைக்குப் போகிறார். நான் பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறேன். அங்கே காட்ஸ் விளையாடுகிறார்களாம். ஹயாத்துவின் மனைவி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

அவரை முழுக்கக் கெட்டவர் என்று நினைக்காதே. அவர் வேலை பழக்கிவிட்ட பொடியன்கள் அந்தச் சான்றிதழோடு வந்து இப்போது அவருக்கு மேலே நிற்கிறார்கள். அந்தச் சூட்டை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்.

நஸ்லா, ஒன்று கேட்பேன். விட்டுவிடாதே. இங்கே பகலில் என்னோடு கதைக்க ஒரு சுவர்தான் இருக்கிறது. உம்மா இல்லாமல் தலைப்பிள்ளை பெற எனக்குத் தைரியம் இல்லை. நம் வீட்டில் யார் அப்படிப் பெற்றிருக்கிறார்கள்? எனக்காக இதை முடித்துக் கொடு. முடிந்ததும் உன் படிப்பை நானே பக்கத்தில் இருந்து பார்ப்பேன்.

வாசித்ததைக் கிழித்துவிட்டேன். நீயும் கிழி.

ராத்தா றுக்கியா

*

கரைத்தீவு.
20.03.2016

அன்பு ராத்தா,

வகுப்பு முடிந்துவிட்டது. மச்சானுக்கு வகுப்பு முடித்த சான்றிதழ் வந்திருக்கும். விண்ணப்பமும் நான்தான் நிரப்பினேன். ஏப்ரல் இருபத்தாறாம் திகதி டோஹாவிலேயே பரீட்சை. அங்கே அடையாள அட்டை பார்ப்பார்களாம், அதனால் அவரேதான் இருந்து எழுத வேண்டும். இப்போது ஒவ்வொரு நாளும் பழைய கேள்விகளைச் செய்து, ஏன் இந்த விடை, ஏன் அது இல்லை என்று எழுதி அனுப்புகிறேன்.

ஒரு நாள் நடு வகுப்பில் கரண்ட் போய்விட்டது. களப்புத் தண்ணிக்கு அந்தப் பக்கம் நுரைச்சோலையில் இலங்கைக்கே கரண்ட் செய்கிறார்கள், இந்தப் பக்கம் நான் இருட்டில் இருக்கிறேன். வகுப்பை விட்டுக் களவாக எழும்பிப் போனேன் என்று மச்சான் ஏசினார். தானே போகாத வகுப்புக்கு.

ஒரு பயிற்சியைச் சொல்ல வேண்டும். உங்கள் வாழ்க்கையில் நடக்கிற ஒரு வேலையை எடுத்துத் திட்டம் போடுங்கள் என்றார் சேர். மச்சானின் சைற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நீங்கள் பிள்ளை பெற வீட்டுக்கு வருவதை எழுதினேன். எந்த வேலை பிந்தினால் எல்லாமே பிந்துமோ அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். உங்களுக்குப் பிள்ளை பிறக்கும் நாள் ஜூன் கடைசி. மே முடிந்தால் பிளேனில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே எல்லாம் பரீட்சைத் திகதியில்தான் தொங்குகிறது.

பிறகு, இந்த வேலை யார் யாரைத் தொடுகிறதோ அவர்களையெல்லாம் எழுதி, அவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம், அவர்கள் கையில் எவ்வளவு அதிகாரம் என்று பார்க்க வேண்டும். மிகவும் முக்கியம், ஆனால் அதிகாரம் இல்லை என்றால் அவர்களிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. தெரிவித்துக்கொண்டிருந்தால் போதும். அந்தக் கட்டத்தில் உங்களைப் போட்டேன். உம்மாவையும் போட்டேன்.

சேர் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, மிஸ்டர் றஸீன் நல்ல கணவர் என்றார். மச்சானுக்கு அதைச் சொன்னேன். "குசினிக் கதை எழுதி என்னைப் பகிடி பண்றியா? உண்ட ராத்தாட வயித்தை ஊருக்கெல்லாம் காட்டச் சொன்னனா?" என்று போனில் கத்தினார். சத்தம் கேட்டு உம்மா எழும்பி வந்தார். மச்சான் பாடம் சொல்லித் தருகிறார் என்றேன்.

கணிதத்தில் முப்பத்தெட்டுப் புள்ளி. "உனக்கு என்ன புள்ள நடந்தது, முன்வாங்கில் இருந்து தூங்கிறாய்" என்று டீச்சர் கேட்டார். டிசம்பரில் எனக்குப் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை.

உம்மா வாப்பாவின் பழைய சாரன்களை வெந்நீரில் போட்டு அவித்து, பிள்ளைத் துணிக்காகக் கிழித்து அடுக்குகிறார். "புதுத்துணி பச்சப் பிள்ளைட தோலுக்கு ஆகாது" என்கிறார். நீங்கள் படுக்கப்போகும் மூலையில் என்னை இப்போதே படுக்க விடுவதில்லை.

நஸ்லா

*

கரைத்தீவு.
02.05.2016

ராத்தா,

அவசரமாக எழுதுகிறேன். பாறூக் நாநா விடியப் போகிறார்.

பரீட்சை எப்படி என்று மச்சானிடம் கேட்டேன். "கொஞ்சம் பொறு" என்றார். விண்ணப்பக் கணக்கைத் திறந்து பார்த்தேன். கடவுச்சொல் நான் போட்டதுதானே. திகதி மாறியிருக்கிறது. ஜூலை பன்னிரண்டு. மாற்றியது ஏப்ரல் தொடக்கத்தில்.

அப்படியென்றால் ஒரு மாதமாக அவருக்குத் தெரியும். அந்த மாதம் முழுக்க, "ராத்தா வரவேணும் எண்டா ஒழுங்காச் செய்" என்று சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் என்னிடம் வேலை வாங்கினார். ஜூலையில் எழுதினால் நீங்கள் எப்படி வருவீர்கள்? பிள்ளை அதற்கு முதலே பிறந்துவிடும்.

இன்னும் நேரம் இருக்கிறது, ராத்தா. மே முடியவில்லை. பரீட்சையை விட்டுவிட்டு டிக்கட்டைப் போடச் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடியாவிட்டால் நான் வாப்பாவிடம் சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன். எனக்குப் பயம்தான். ஆனாலும் சொல்வேன். ஓம் என்று ஒரு சொல் எழுதி அனுப்புங்கள், போதும்.

நஸ்லா

*

டோஹா.
17.05.2016

நஸ்லாவுக்கு,

வாப்பாவிடம் சொல்லாதே.

திகதி மாறினது எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் இருந்துதான் மாற்றினார். ஒன்றும் படிக்காமல் போய் பெயில் விட்டால் ஒபிசில் தலை காட்ட முடியாது என்றார். "உனக்குச் சம்மதம்தானே?" என்றும் கேட்டார். ஓம் என்றேன். நான் ஓம் என்ற பிறகுதான் பட்டனை அமத்தினார்.

உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நீ வேலையை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். விட்டிருப்பாய்தானே? அவர் பெயில் விட்டால் அந்தக் கோபத்தோடு ஒரே அறையில் இருக்கப்போவது நான். நீ களப்புக் காற்று வாங்கிக்கொண்டு இருப்பாய்.

வாப்பா போன் எடுத்து நாலு வார்த்தை கேட்பார். கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வைத்த பிறகும் நான் இங்கேதான் இருப்பேன். அதை யோசித்தாயா?

நோட்ஸை நிற்பாட்டாதே. ஜூலைவரைக்கும்தான். உம்மாவிடம் டொக்டர் பிளேன் ஏறக் கூடாது என்றதாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

பயப்படாதே என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

றுக்கியா

*

டோஹா.
07.08.2016

அன்பு நஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளையின் படங்களைப் பார்த்திருப்பாய். ஸுஹைலா என்று பெயர் வைத்தோம். மூக்கு உன்னுடையது. ஆஸ்பத்திரியில் பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்திதான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என் பாஷை தெரியாது. உம்மா உம்மா என்று நான் கத்தினதை மட்டும் விளங்கிக்கொண்டாள்.

மச்சான் பாஸ். அதுவும் உனக்குத் தெரியும். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் பிள்ளையைப் பார்க்க முதல் அதைத்தான் பார்க்கிறார்கள். உன்மேல் இப்போது நல்ல விருப்பம். "நஸ்லாட கை ராசியான கை" என்கிறார்.

ஒரு விஷயத்தை உனக்குத் தெரிவிக்கிறேன், அவர் ஹயாத்துவோடு கதைத்தது காதில் விழுந்தது, உனக்குப் போனில் சொல்வார். அந்தச் சான்றிதழ் ஒருமுறை எடுத்தால் முடிவதில்லையாம். மூன்று வருடத்துக்குள் இன்னும் அறுபது மணித்தியாலம் படித்துக் காட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம். அதை நீயே பார்த்துக்கொள்வாய் என்று சொல்லிவிட்டார். ஹயாத்து முகம்மதுவும் எழுதப்போகிறார். அவருடைய வகுப்பு செப்டெம்பரில் தொடங்குகிறது. அதற்கும் உன்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

நீ ஓம் என்றால் டிசம்பரில் எங்களை ஊருக்கு அனுப்புவாராம். உம்மா பிள்ளையைத் தூக்க வேண்டாமா? உனக்கு அப்போது பரீட்சை என்று தெரியும். ஓ.எல்.லை அடுத்த வருடமும் எழுதலாம்தானே.

உன் ராத்தா
றுக்கியா

*

கரைத்தீவு, புத்தளம்.
29.08.2016

அன்புள்ள ராத்தாவுக்கும் மச்சானுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். ராத்தா, நீங்கள் கல்யாணம் முடித்துப் போன பிறகு நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. இதை மறைத்து வைக்கவில்லை. பொதியின் மேலேயே வைத்திருக்கிறேன், உறையையும் ஒட்டவில்லை. மச்சானுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் சொல்கிறேன். மச்சானின் வகுப்புகளில் அவர் பெயரில் இருந்தது நான். அவர் படித்த நோட்ஸை எழுதியதும் நான். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று மச்சான் கட்டளை. நான் இன்றுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மச்சானுக்குக் கோபம் வந்தால் அது என்னோடு மட்டும் இருக்கட்டும். நீங்கள் இதில் இல்லை.

மச்சான் போனில் தெரிவித்தார். தெரிவித்ததற்கு நன்றி. அறுபது மணித்தியாலத்தை நான் படிக்க மாட்டேன். ஹயாத்து முகம்மதுவுக்காகவும் வகுப்பில் இருக்க மாட்டேன். டிசம்பரில் எனக்குப் பரீட்சை, என் பெயரில்.

வாப்பாவிடம் நானே சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தார். விடியப் பாண் துண்டைக்கூடத் தொடாமல் உப்பளத்துக்குப் போனார். பின்னேரம் வந்து, பொதியில் லெப்டொப் வைக்க இடம் இருக்கா என்று பாறூக் நாநாவிடம் கேட்டார். அவ்வளவுதான். மருமகன் தங்கம் என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

லெப்டொப்பில் எதையும் அழிக்கவில்லை. கடவுச்சொல்லையும் மாற்றவில்லை. எல்லாக் கேள்வியும் விடையும் அப்படியே இருக்கின்றன.

டிசம்பரில் வர முடியாவிட்டால் உம்மாவுக்கு நான் விளக்கம் சொல்கிறேன். டொக்டர் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். இனிமேல் பாறூக் நாநாவிடம் உம்மாவின் கருவாடு மட்டும் வரும். பொதியை அவிழ்க்கும்போது அடித்தாளை எறிந்துவிடலாம், ராத்தா. அதில் கருவாட்டு மணம்தான் இருக்கும்.

ஸுஹைலாவுக்கு என் முத்தம்.

வழியில் உடையாமல் இருக்க லெப்டொப்பைத் துணியில் சுற்றியிருக்கிறேன். உம்மா அவித்துக் கிழித்து வைத்த துணிகள். நன்றாக மெத்தென்று ஆகி இருக்கின்றன. பிள்ளைக்கு இனி அளவு காணாது.

இப்படிக்கு,
ந. நஸ்லா