சூடான கோலா உருண்டை

ஜனவரி 18, ஞாயிறு. கோச்சடை.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஷாம்பெயின் பாட்டில் கொண்டுவந்திருந்தான். பொரித்த பண்டம் அதற்கு நல்ல ஜோடி என்று எங்கோ படித்திருந்தேன். அம்மாவைக் கோலா உருண்டை போடச் சொல்லிவிட்டு, வெள்ளை விரிப்பு விரித்து மூன்று பேருக்கும் தட்டும் கண்ணாடிக் கோப்பையும் வைத்தேன். நாளை அவன் கிளம்புகிறான். ஒரு தடவையாவது அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அம்மா வழக்கம்போல அடுப்படியிலிருந்தே, "நீங்க சாப்டுங்க. நான் பெறகு சாப்டுறேன்" என்றாள்.

அண்ணன் ஊற்றிவிட்டான். "யம்மா, நுரை அடங்கிட்டா இது வெறுந்தண்ணி. நீ வந்தாத்தான் நாங்க தொடுவோம்."

எங்களுக்கு வைத்தது எதுவும் ஆறி வீணாவதைப் பொறுக்காதவள் அம்மா. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்கு ஓமத்தண்ணியே தேவலாம்டா."

சிரித்தோம். வாயை மாற்ற ஒரு உருண்டையைப் பிட்டுப் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள்.

"ஏன்டி, சூடா தின்னா இது இம்புட்டு நல்லாவா இருக்கும்?"

ஆளுக்கொன்றாக எங்கள் தட்டிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைத்தோம். போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே தின்றாள்.