அக்காவின் திருவிருந்து ரொட்டி

ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளுக்குக் கடிதம் எழுதுகிற கூத்து நம் வீட்டில்தான் நடக்கும். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் கோயில் மணியடிக்கிற அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் உனக்கு மறுபடியும் நைட் டூட்டியாமே. வேளைக்குச் சாப்பிடு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் என் கண்ணுக்குப் படாது என்று நினைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். புதுப் போதகர் என் சமையலறைக்கே வந்துவிட்டார். "உங்க தங்கச்சி ஏன்மா திருவிருந்துக்கு மட்டும் எழுந்து வர்றதில்ல?" என்றார். "என்ன வருத்தமோ ஐயா, அம்மா போனதுலேருந்தே அப்படித்தான்" என்றேன். "வருத்தம் உங்க மேலன்னா, வேதத்துல சொல்லியிருக்கற மாதிரி காணிக்கைய அப்படியே வெச்சுட்டு முதல்ல அவங்ககிட்ட போங்க. அதுவரைக்கும் நீங்க ரொட்டி சுட வேண்டாம், கடையில வாங்கிக்கறோம்" என்றார்.

கடை ரொட்டி. அதுவும் கர்த்தருடைய மேஜைக்கு.

எனக்குப் பிள்ளை இல்லை, பாட்டு வராது. நான் அவருக்குக் கொடுப்பது திருவிருந்தில் பிட்டுக் கொடுக்க மாதம் ஒரு ரொட்டி. அதையும் பிடுங்கிவிட்டால் எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பேன்? அடுத்த திருவிருந்துக்கு வந்து என் பக்கத்தில் முழங்கால் போடு. என்ன மனக்கசப்பு இருந்தாலும் மறந்துவிடு.

உன் அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

கழுத்தெலும்பு எல்லோருக்கும் இருக்கிறது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் ரொட்டி பீடத்துக்குப் போக வேண்டும், அதற்கு நான் வேண்டும். வேறு எதற்காகவாவது என்னைத் தேடுகிறாயா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, அப்போது வேலை பார்த்த ஊரிலிருந்து வரும் வழியில், பஸ்ஸிலிருந்து போனில் பேசினேன். "பாலம் தாண்டியாச்சுக்கா" என்றேன். "வா" என்றாய். கல்லறை வாசலில் இறங்கும்போது பெட்டியில் ஆணி அடித்து முடித்திருந்தார்கள். "லேட்டா வந்திருக்க, மூடியாச்சு" என்றாய். எத்தனையோ பேருடைய அம்மாக்களுக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். என் அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கவில்லை.

மூடச் சொன்னது நீ என்று எனக்குத் தெரியும். ஏன் என்று மட்டும் சொல். அது தெரியாமல் உன் கை ரொட்டி என் தொண்டையில் இறங்காது. இது வீம்பு இல்லை. ஒரு முறை முயன்று பார்த்தேன்.

சின்னவள்

ஜூன் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

கூண்டில் ஏற்றி விசாரிப்பது போல எழுதியிருக்கிறாய். அன்றைக்கு வெயில் எப்படி அடித்தது தெரியுமா? பழைய போதகர் அடுத்து ஒரு கல்யாணம் நடத்தப் போக வேண்டும். வந்த ஜனம் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறது. நான் என்னதான் செய்ய?

நீ மட்டும்தான் மகளா? கடைசியில் குளிப்பாட்டியது யார், ஊட்டியது யார்? வாயைத் துடைத்துவிட்டால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவளே, வந்துட்டியாடி" என்பாள். "நான் பெரியவம்மா" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அந்த முகத்தை உனக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

ஒரு ஞாயிறு வந்து நின்றால் நீ ஒன்றும் குறைந்துபோக மாட்டாய்.

அக்கா

ஜூன் 14

அக்கா,

அம்மா என்னைக் கேட்டாள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. வார்டில் துணி அடுக்குகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்காகவும்தான்.

தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. ஜூலை கடைசியில் கிளம்புகிறேன். அதற்கு முன்னால், ஜூலை முதல் ஞாயிறு திருவிருந்துக்கு வருகிறேன். நீ ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு கோயில் வாசலில் நில். உள்ளே போகும் முன் "கோவத்துல மூடச் சொன்னேன்" என்று என் காதில் சொல். எழுதினது போதாதா என்று கேட்காதே. எழுதும்போதுகூட நீ சண்டைதான் போட்டாய்.

சொன்னால் போதும், உன் பக்கத்தில் முழங்கால் போடுகிறேன்.

சின்னவள்

ஆகஸ்ட் 3

என் சின்னவளே,

உன் வீடு பூட்டிக் கிடக்கிறதாம். புது விலாசத்தை ஆஸ்பத்திரியில் கொடுக்க மாட்டேன் என்கிறார்களாம். "யார்கிட்டம்மா கொடுக்கறது?" என்று மணியடிக்கிற அண்ணன் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அந்த ஞாயிறு மாவு பிசையும்போதே அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தட்டோடு வாசலில் நின்றேன். முதல் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்தது. உன்னைக் காணவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னையே பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கொதிக்க ஆரம்பித்தது. பாட்டு தொடங்கிய பிறகு யூனிஃபார்மோடு மூச்சிரைக்க ஓடி வந்தாய். என் முகத்தருகே காதைக் கொண்டுவந்தாய். நான் வாயைத் திறந்தேன்.

"லேட்டா வந்திருக்க" என்றேன்.

நீ தட்டில் விலகியிருந்த துணியை, நோயாளிக்குப் போர்வை இழுத்துவிடுவது போல இழுத்து மூடினாய். திரும்பிப் போய்விட்டாய். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாய். நான் கூப்பிடவில்லை, கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. நீ ஊரில் இருந்த மீதி நாட்களிலும் அந்த இரண்டு தெருவைத் தாண்டி வரவில்லை.

தட்டை உள்ளே கொண்டுபோகவில்லை. போதகர் கடை ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான்தான் மூடச் சொன்னேன். நீ பாலம் தாண்டிவிட்டாய் என்று தெரிந்தே, கோபத்தில் சொன்னேன். தாளில் எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார். ஜெபத்தில் உட்கார்ந்தால் கர்த்தரும் எழுந்து போய்விட்ட மாதிரி இருக்கிறது. யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை.

நாளை திருவிருந்து ஞாயிறு. யாரும் கேட்கவில்லை. கை பழக்கத்தில் ரொட்டியைச் சுட்டுவிட்டது. துணி போட்டு மூடி மேஜையில் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து அதைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

உன் அக்கா