பத்துப் பேர் சொன்ன சம்மதம்

மச்சான்,

இன்று காலை என் தங்கை ஜமீலா சிதம்பரத்திலிருந்து ஒரு கோரைப்பாய் கொடுத்தனுப்பியிருந்தாள். என் துணிக்கடையில் விரித்ததும், அந்தப் புதுப்பாய் வாசனை என்னை நேராகப் பரங்கிப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. அறுபத்து மூன்றாம் வருஷம் அவள் நிக்காஹ்வுக்குப் பந்தல் போட்ட நாளுக்கு. நீ மவுத்தாகி, மண்ணுக்குள் போய் ஆறு மாதம் ஆகிறது. உன் முகத்துக்கு நேரே சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

மறைக்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளை மொத்த ஜவுளி வியாபாரி, மனைவியை இழந்தவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். தலைச்சுமையாகத் துணி விற்று மேலே வந்த எனக்கு அந்தச் சம்பந்தம் பெரிய ஏணியாகத் தெரிந்தது. தங்கைக்குப் பதினாறு வயது. அவளை யார் கேட்டார்கள்?

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கடலூர் முதுநகர் டீக்கடையில் நீ பேப்பரைப் படித்துக் காட்டினாய். பெண் தன் வாயால் சம்மதம் சொல்லாமல் கல்யாணம் கூடாது என்று உலக நாடுகள் எல்லாம் கூடி எழுதியிருக்கின்றனவாம்.

"நம்ம மார்க்கத்துல எப்பவோ சொன்னதை இப்பத்தான் எழுதுறாங்க" என்றாய்.

நான் சிரித்தேன். "அவுங்க வந்து நம்ம பந்தல்ல உக்காருவாங்களா?"

"அவுங்க ஏன் வரணும்? சாட்சின்னு நாமதானே உக்கார்றோம்."

பெண்ணிடம் சம்மதம் கேட்டுவர நான் போனேன். சாட்சிகளாக நீயும் என் மாமாவும் வந்தீர்கள். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்று முறை கேட்டேன். உள்ளே இருந்த பெண்கள், "சரின்னுட்டா, சரின்னுட்டா" என்றார்கள். நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை.

"எனக்குக் கேக்கல."

"பத்து பேரு சொல்றாங்க, உனக்கு மட்டும் கேக்கலியா?"

"பத்து பேரையுமா மாப்பிள்ளை கட்டிக்கப் போறாரு? ஜமீலா, நீ சொல்லும்மா."

திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கிட்டே வந்தது. பிறகு, "எனக்கு வேணாம்ண்ணே" என்றாள்.

நிக்காஹ் நின்றுபோய், வெந்த பிரியாணி தெருவுக்குப் போனது. ஒரு வருஷம் நான் உன்னோடு பேசவில்லை. ஜவுளிக்காரர் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவரைப் பற்றிக் கேட்டபோது, முதல் தடவையே "சம்மதம்" என்றாள். பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. மாதம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு வருகிறேன். அன்றைக்கு நீயும் என்னோடு எழுந்திருந்தால், எந்த முகத்தோடு அவள் வாசல்படி ஏறுவேன்? நினைத்தால் பெருமூச்சு வருகிறது. நல்லவேளை, மச்சான்.

இப்போது சாட்சியாக என்னைக் கூப்பிடுகிறார்கள். பெண்ணின் குரல் என் காதில் விழாமல் நான் எழுவதில்லை. ஊரில் எனக்குச் 'செவிட்டுச் சாட்சி' என்று பெயர். போன வாரம் திட்டக்குடியில் பெண்ணைப் பெற்ற ஒரு தாய் ஆள் அனுப்பியிருந்தாள், "அந்தச் செவிடரையே கூட்டிட்டு வாங்க" என்று.

போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.