சிமெண்ட்டில் செய்த பலாக்கட்டை

ஈரச் சிமெண்ட்டின் வாசம் ஐந்து நாளாக இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. காரணம் நீங்கள். இறந்துபோனவரைக் குறை சொல்லலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நாற்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த உரிமை உண்டு.

மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்ற வந்த லாரி, பின்னால் எடுக்கும்போது, வாசலில் நீங்கள் செய்து வைத்த சிமெண்ட் பெஞ்சின் வலது கைப்பிடியை உடைத்துவிட்டது. உங்கள் முதல் நினைவு நாள் பூசைக்கு அப்போது பத்து நாள்தான் இருந்தது. "தூக்கிப் போட்டுட்டு நாலு சேர் வாங்கிக்கலாம் அத்தை" என்று மருமகன் போனில் சொன்னார். சர்ச்சில் பூசை முடிந்து வருகிறவர்கள் அந்த பெஞ்சில்தான் உட்காருவார்கள், ஒட்டுப்போட்ட இடம் யார் கண்ணுக்கும் தெரியாது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பிறகுதான் அதை யாரை வைத்து ஒட்டுவது என்று யோசித்தேன்.

ரோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். கம்பியை வளைத்து, கோழிவலை சுற்றி, சாந்து அப்பி, அது இறுகுவதற்குள் பட்டையின் வெடிப்பையும் கிளை வெட்டிய தழும்பையும் கீறிக் கீறி, சிமெண்ட்டைப் பலாக்கட்டை ஆக்கினீர்கள். அந்த வழியாக வந்த வனக்காவலர், "ஏனுங்க ஓவர்சீயர், இத்தாப்பெரிய பலாவை யாரைக் கேட்டுங்க வெட்டுனீங்க?" என்று அதட்டினார். நீங்கள் சுத்தியலை அவர் கையில் கொடுத்தீர்கள். தட்டிப் பார்த்தவர் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று முழுக்க உங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது உங்களோடு வேலை செய்த, இதே மலையில் குண்டூர் நாட்டுச் செல்லமுத்துவைத்தான் இப்போதும் கூப்பிட்டேன். பட்டை கீறுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. "கீழ நாமக்கல்லுல ஒரு மணி நேரத்துல இறுகறது, இந்தப் பனிக்கு மூணு மணி நேரம் ஆகுமுங்க" என்று பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆணியை எடுத்தார். நிறம்தான் சேரவில்லை. "கலர்ப்பொடி எல்லாம் ஓவர்சீயரே ஊட்டுக்குள்ள கலக்கிக் கொண்டாந்துருவாருங்க. எனக்குத் தெரியாதுங்க."

முதல் நாள் போட்டது செங்கல் நிறம். இடித்தோம். இரண்டாம் நாள் நானே நின்று கலக்க வைத்தேன். ஈரத்தில் அச்சாகப் பொருந்தியது. காய்ந்ததும் சாம்பல். அதையும் இடித்தோம்.

நீங்கள் பெஞ்ச் செய்தபோதே கேட்டேனே, கலர்ப்பொடி எத்தனை கிராம் என்று? எடை பார்க்கிற தராசைக்கூட எடுத்து நீட்டினேன். "இது டோஸ் இல்ல, சிஸ்டரம்மா. பார்த்தாத் தெரியும்" என்று சிரித்தீர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக முப்பது வருடம் மருந்தை அளந்து கொடுத்தவளிடம் சொல்கிற பேச்சா அது? பார்த்தால் தெரியும் என்றால், பார்க்கிற கண்ணையும் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பொறுமை போய், "உங்க ஓவர்சீயர் எப்படித்தான் சரிபார்த்தார்?" என்று கத்தினேன்.

"கலந்த சாந்துல வில்லை தட்டிக் காய வெப்பாருங்க, பிஸ்கட்டாட்டம். பின்னால ஆணியில அளவு கீறி வெப்பாரு. ஒரு கூடை இருந்துச்சுங்களே?"

இருந்தது. சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடந்த குப்பை என்று, உங்களை அடக்கம் செய்த மறுவாரமே கோழிக்கூட்டுப் பள்ளத்தில் கொட்டச் சொன்னேன். மேலே தளம் போட்டவர் இதே செல்லமுத்து.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"உங்ககிட்ட யாருங்க சிஸ்டரம்மா எதுத்துப் பேசறது?"

அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அறையைப் பெருக்கும்போது, பீரோவின் குட்டைக் காலுக்கு நீங்கள் முட்டுக்கொடுத்திருந்த துண்டு கண்ணில் பட்டது. செல்லமுத்துவை பீரோவைத் தூக்கச் சொல்லி உருவினேன். ஒரு வில்லை. காய்ந்த பலா நிறம். திருப்பினேன். சிமெண்ட் இருபது, சிவப்பு ஒன்று, கருப்பு அரை. எல்லாம் எடைக்கணக்கு. என் தராசில்தான் நிறுத்திருக்கிறீர்கள். அதன் கீழே கோணல் எழுத்தில்: "சிஸ்டரம்மா காட்டியது."

பெஞ்ச் செய்த நாட்களில் ஒரு மாலை நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது முகத்துக்கு நேரே ஐந்தாறு வில்லைகளை நீட்டி, "இதுல எது பலா?" என்றீர்கள். வேலையைக் கெடுக்காதீர்கள் என்று ஒன்றைத் தொட்டேன். அவ்வளவுதான் எனக்கு நினைவு. அந்த ஒன்றை மட்டும் நான் தூக்கி எறிய முடியாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நேற்று அளந்து கலக்கினோம். இன்று மதியம் காய்ந்தது. உடைந்த இடம் எது என்று செல்லமுத்து தடவித்தான் கண்டுபிடித்தார்.

வில்லை இப்போது என் கைப்பையில், ஜெபமாலையோடு கிடக்கிறது. பீரோவுக்கு வேறு முட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் கதவு தானாகத் திறந்து திறந்து என் முழங்கையில் இடிக்கிறது. அதற்கும் நீங்கள்தான் காரணம்.