பின்னால் பார்க்கும் சீட்

பிப்ரவரி 9

அன்பு வாண்டுவுக்கு,

போனில் நான் உன்னைப் பேசவே விடுவதில்லை என்று குறைசொன்னாய். சரி, இனிமேல் கடிதம்தான். இதில் குறுக்கே பேச முடியாது, போதுமா?

நேற்று கார் சீட்டும் ஸ்ட்ரோலரும் பார்க்கப் போனோம். கடையில் ஒரு சுவர் முழுக்கக் கார் சீட்டுதான். கடைக்காரர் ஒரு பொம்மையை உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிக் காட்டினார். பச்சைக் குழந்தை முகம் வண்டியின் பின்கண்ணாடியைப் பார்த்துத்தான் இருக்க வேண்டுமாம். திடீரென்று பிரேக் போட்டால் கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பாம். உன் அத்தான் பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை மாசம்?" என்று கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்தார். கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, "அடுத்த மாசம் பொறக்குது" என்றேன். பொய் இல்லையே? சுமப்பது என் தங்கை, வளர்க்கப்போவது நாங்கள் என்று அவரிடம் எதற்கு விளக்க வேண்டும்?

ஸ்ட்ரோலர்தான் தலைவலி. எங்கள் கட்டட லிஃப்ட் துணி அலமாரியைவிடச் சின்னது. எனக்குப் பிடித்த எதுவும் அதற்குள் நுழையாது.

குழந்தையை எங்களுக்குத் தருகிறாயா என்று நான் கேட்டதும், நீ சரி என்றதும் இன்னும் கனவு மாதிரி இருக்கிறது. வேலையில் உட்கார்ந்து செய்கிற மாதிரி ஏதாவது கேட்டாயா? கால் வீக்கம் எப்படி இருக்கிறது? அதையெல்லாம் நீ சொல்வதே இல்லை.

உன் அக்கா

---

பிப்ரவரி 20

என் பிரியமான அக்காவுக்கு,

கால் வீக்கம் பரவாயில்லை. சலவைக்கூடத்தில் என்னை இஸ்திரியிலிருந்து மாற்றி, துண்டு மடிக்கிற மேசையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். மேற்பார்வையாளர் அம்மாள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே நல்லது செய்கிற ரகம்.

சீட் அப்படித் திரும்பியிருந்தால், ஓட்டுகிறவருக்குக் குழந்தையின் முகம் தெரியாதே? பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும், அக்கா. பால் கக்கினால் யார் பார்ப்பது? தலை இரண்டு பக்கமும் சாயாமல் மெத்தை வைத்திருக்கிறார்களா என்று பார்.

நீ எழுதியது சரியாகப் பிடிபடாமல், நானே இங்கே ஒரு கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்ட்ரோலரை உருட்டிப் பார்க்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். கடைக்குள்ளேயே ஒரு சுற்று போய்வந்தேன். "உங்க குழந்தைக்குத்தானே?" என்றாள். "ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உனக்கு இதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

வாண்டு

---

மார்ச் 1

அன்பு வாண்டுவுக்கு,

கார் சீட் வாங்கிவிட்டோம். சாம்பல் நிறம். தலைக்கு மெத்தை இருக்கிறது. ஸ்ட்ரோலரும் வந்தாயிற்று, லிஃப்டில் நுழைகிறது, நான்தான் அதன் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சீட்டைக் காரில் மாட்டிவிட்டு, காலியாகவே ஊரைச் சுற்றுகிறோம்.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று அத்தான் கேட்டார். சும்மா நலம் விசாரித்திருக்கிறாள் என்றேன்.

நீ கடைக்கெல்லாம் அலையாதே. இந்த மாதிரி நேரத்தில் மனம் ஏதேதோ சொல்லும். நன்றாக யோசித்துத்தானே முடிவெடுத்தோம்? உன் வீட்டுக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். இருப்பது ஓர் அறை, அதுவும் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வேலையோ முறை மாறி மாறி வருகிறது. நீ வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? இங்கே குழந்தைக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறது. உன்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறேன்.

அக்கா

---

மார்ச் 8

அக்காவுக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. என்னிடம் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

டாக்டர் அடுத்த வாரக் கடைசி என்கிறார். சீட் இல்லாமல் குழந்தையை வெளியே அனுப்பமாட்டார்களாம், மறக்காமல் கொண்டுவா. ஆஸ்பத்திரியிலிருந்தே நீ நேராகக் கூட்டிக்கொண்டு போய்விடு. என் அறைக்கு ஒருமுறைகூட வர வேண்டாம். வந்துவிட்டுப் போனால், பிறகு அங்கே என்னால் இருக்க முடியாது.

வாண்டு

---

மார்ச் 27

என் வாண்டுவுக்கு,

"ஏதாவது மறந்துட்டியா அக்கா?" என்று அன்றைக்கு நாங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கே திரும்பி வந்தபோது நீ கேட்டாய். ஆமாம் என்று சொல்லி அவனை உன் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

சீட்டைச் சரிபார்க்க வந்த நர்ஸ், அம்மா யார் என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான்தான் என்றேன். நீ ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாய். அந்த ஓர் அடியை நான் பார்த்தேன். பார்த்தும் காரில் ஏறினேன்.

நீ எழுதியிருந்தபடி பின்னால் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவன் முகம் பின்பக்கம் இருந்ததால் நானும் திரும்பி உட்கார வேண்டியதாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி வாசலில், சுவரைப் பிடித்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். கையசைக்கவில்லை. அவன் அழ ஆரம்பித்தான். புட்டியைக் கொடுத்தேன், தலையைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது நான் செய்ததுதான் என்னைத் தின்கிறது. அத்தானிடம், "கொஞ்சம் வேகமாப் போங்க" என்றேன். திருப்பம் வந்துவிட்டால் நீ தெரியமாட்டாய் என்பதற்காக.

திருப்பம் தாண்டியதும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரு துரத்துறாங்கன்னு ஓடறோம்?" என்றார்.

கடையில் நீ சொன்ன அந்த "ஆமா"வை நான் படித்தேன். படித்துவிட்டு, உன் அறையையும் வேலையையும் உன்னை விட்டுப் போனவனையும் எடுத்து உன்மேலேயே வீசினேன். பிரியம் என்று வேறு அதற்குப் பெயர் வைத்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நீ சரி என்று எழுதியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

மன்னிப்பு என்ற பேச்சு உன் பக்கத்திலிருந்து வரக் கூடாது. நீ எதையும் திருப்பி வாங்கவில்லை. உன்னிடம் இருந்தது உன்னிடம் இருக்கிறது.

ஸ்ட்ரோலரைச் சனிக்கிழமை அத்தான் கொண்டுவருவார். கீழே மாடிப்படிக்கு அடியில் வைக்க வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசிவிட்டாராம். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அவனைப் பார்த்துக்கொள்வார், நீ தூங்கு. வேண்டாம் என்று சொல்லாதே, அவருக்கு அது வேண்டும்.

நான் வரவில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. இப்போது வந்தால் அவனைக் கையில் வாங்கியவுடன் என் மனம் எதை நினைக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. படம் எதுவும் அனுப்பாதே. நானே கேட்பேன். கேட்கும்போது, எல்லாரும் கேட்கிற மாதிரி, யார் ஜாடை என்று மட்டும் கேட்பேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அவனுடைய பெரியம்மா