பூனை ஏறும் காற்று மெத்தை

என் உயிருக்குயிரான ஸ்டெல்லா அக்காவுக்கு,

உன் முப்பதாம் நாள் பூசை போன புதன்கிழமை நல்லபடியாக முடிந்தது. கோயிலில் உட்கார இடம் இல்லை. உன்னிடம் பூகோளம் படித்த பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். பூசை முடிந்து எல்லோருக்கும் காபியும் பன்னும் கொடுத்தோம். நீ இருந்திருந்தால் பன் காய்ந்து கிடக்கிறது என்று சொல்லியிருப்பாய். காய்ந்துதான் இருந்தது.

அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. நேற்றுக் காலை சைக்கிள் கடையைத் திறந்து பம்ப்பை வெளியே வைத்துக்கொண்டிருந்தேன். மன்னார்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிறாராம், பெயர் ஆறுமுகம். மனைவிக்குப் பக்கவாதம், மூன்று மாதமாகப் படுக்கை.

"ஏர் பெட் வாங்கணுங்க. வீட்ல ரெண்டு பூனை இருக்கு. டாக்டர் பூனைய வெரட்டுங்கங்கிறார். வெரட்டுனா சோறே வேணாங்கிறா அவ. உங்களக் கேட்டா வழி தெரியும்னு பிலோமினா நர்ஸம்மா சொன்னாங்க."

பார்த்தாயா அக்கா? 'பஞ்சர் ஒட்டுற தம்பி' என்றுதானே டீச்சர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவாய். அவனிடம் இப்போது மண்டிக்காரர்கள் யோசனை கேட்டு வருகிறார்கள். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மெத்தை, எவ்வளவு காற்று, மேலே என்ன விரிக்க வேண்டும், எல்லாம். கடைசியில் அவர் ஒன்று கேட்டார்.

"புதுசு இங்க தீந்துபோச்சாம், மெட்ராஸ்லேர்ந்து வர பத்து நாள் ஆகுமாம். அது வரைக்கும் உங்க அக்கா மெத்தையக் குடுக்க முடியுங்களா? முதுகு செவந்துபோச்சுங்க அவளுக்கு."

சிவந்த முதுகுக்குப் பத்து நாள் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் "நாளைக்குச் சொல்றேங்க" என்று அனுப்பிவிட்டேன். உன் மெத்தை நீ போன அன்று இருந்தபடியே கட்டிலில் கிடக்கிறது. காற்றைத் திறந்துவிட என் கை போகவில்லை.

டீச்சர்கள் அறையில் உலகப் படம் மாட்ட நாற்காலி மேல் ஏறி விழுந்தாய் என்று யாரோ ஒரு டீச்சர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வகுப்பறையில், பெஞ்சு மேல் என்று நான் திருத்தினேன். எதன் மேலிருந்து விழுந்தால் என்ன, இடுப்புக்குக் கீழே உனக்கு உணர்வு போய்விட்டது. தென்னூர் வீட்டின் முன்னறைக்கு உன் கட்டில் வந்தது. கட்டிலோடு மணியன், கறுப்பி, குட்டி என்று உன் மூன்று பூனைகளும் வந்தன. நான்கு மாதத்தில் முதுகில் புண்ணும் வந்தது. "இது உள்ள எறங்குனா உசுருக்கே ஆபத்துங்க" என்று பிலோமினா நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ரப்பர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று அன்று நினைத்தேன். மருத்துவ சாமான் கடைக்குப் போய், இருப்பதிலேயே தடிமனான, பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்த காற்று மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தலைக்கு, இடுப்புக்கு, காலுக்கு என்று மூன்று அறை, மூன்று வால்வு. வேண்டிய அறையில் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். நான் மூன்றையும் கல் மாதிரி அடித்து வைத்தேன். இருபது வருஷமாக டியூபுக்குக் காற்றடிக்கிற கை வேறு எப்படி அடிக்கும்?

"டேய் அந்தோணி, நான் என்ன லாரியா?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அதோடு விட்டேனா? நகம் பட்டால் ரப்பர் போய்விடும் என்று மூன்று பூனைகளையும் மூங்கில் கூடையில் போட்டு, மேலே துணி கட்டி, ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டேன். ஆறு தாண்டினால் பூனை திரும்பி வராது என்று எல்லோரும் சொன்னார்கள். என் பழைய வாடிக்கையாளர், ரிட்டயர் ஆன போஸ்ட்மாஸ்டர் ஒருவர், நெல் மூட்டையில் எலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் இறக்கிவிட்டேன். நீ கேட்டபோது எங்கோ போய்விட்டன என்று பொய் சொன்னேன். நீ என்னைத் திட்டவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

மூன்று வாரம் கழித்துப் புண் இன்னும் பெரிதாகியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவ்வளவு நல்ல மெத்தை. நர்ஸ்தான் கண்டுபிடித்தார்.

"முன்னெல்லாம் பூனையத் தடவ இந்தப் பக்கம் ஒருக்களிப்பாங்க, குட்டி கூப்பிட்டா அந்தப் பக்கம் கையூணித் திரும்புவாங்க. இப்ப போட்ட எடத்துல கெடக்குறாங்க. நீங்க மெத்தைய வாங்கிட்டு மருந்தக் கொண்டுபோய் விட்டுட்டீங்க சார்."

அன்று மத்தியானமே ஸ்ரீரங்கம் போனேன். போஸ்ட்மாஸ்டர் வீட்டு மாமி இரண்டைக் கொடுத்துவிட்டு, குட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை.

"இது மட்டும் இங்கயே இருந்துட்டுப் போகட்டுமே. பெருமாள் அனுப்பிவெச்ச மாதிரி வந்துது. 'பட்டு'ன்னு பேர் வெச்சிருக்கேன், கூப்பிட்டா ஓடி வரது. தயிர்சாதம்தான் சாப்பிடறது."

குட்டியை அவரிடமே விட்டுவிட்டு வந்து உன்னிடம் உண்மையைச் சொன்னேன். உன்னிடம் மன்னிப்பும் கேட்டேன். நீ மணியனை முகத்தோடு வைத்துக்கொண்டு, "மீன் தலைக்கு என்னைப் பிறாண்டுன கழுத, தயிர்சாதம் தின்னுதா?" என்று சிரித்தாய். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாய்.

ஆனால் என் பயமும் பொய்யில்லை. மறுநாளே கறுப்பி ஜன்னலிலிருந்து மெத்தைக்குத் தாவியது. வழுக்கியது. வழுக்கினதும் நான்கு காலிலும் நகத்தை நீட்டி ஊன்றியது. புஸ்ஸென்று காற்று போனது. நான் கூடையைத் தேடினேன். நீதான் தடுத்தாய்.

"அது மேல என்னடா தப்பு? வழுக்குனா யாரா இருந்தாலும் எதையாவது புடிக்கத்தான் செய்யும். வழுக்காத மெத்தையாப் பாரு."

இருபது வருஷம் ரப்பரோடு கிடந்தவனுக்கு இது தோன்றவில்லை. நீ படுத்தபடியே கண்டுபிடித்தாய்.

அடுத்த நாள் கறுப்பியையும் கூடையில் வைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெத்தை யாருக்குங்க, பூனைக்கா?" என்றார். "பூனைக்கும் சேத்துத்தாங்க" என்றேன். இருந்த மெத்தைகளையெல்லாம் தரையில் விரித்து, பாதிக் காற்றடித்து, கறுப்பியை ஒவ்வொன்றிலும் விட்டேன். ரப்பரில் அது நகத்தை ஊன்றி ஊன்றி நடந்தது. மேலே முரட்டுக் கித்தான் துணி ஒட்டிய ஒன்றில் மட்டும் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துவிட்டது. அதைத்தான் வாங்கினேன். பழையதை ஒட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தேன்.

காற்று விஷயத்திலும் நீதான் ஜெயித்தாய். இடுப்பு அறையில் பம்ப்பை வைக்கவே விடவில்லை. "உன் பம்ப்புக்கு என் முதுகு தெரியாது" என்றாய். அந்த வால்விலிருந்து ஒரு நீளக் குழாய் இழுத்து, கிளிப் போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தேன். வலித்தால் கொஞ்சம் திறந்துவிடுவாய், அமுங்கினால் வாயாலேயே ஊதிக்கொள்வாய். அமுங்கின இடத்தில் பூனை பாய்ந்தாலும் மெத்தை உள்வாங்கிக்கொண்டது, நகம் ஏறவில்லை. ஐந்து மாதத்தில் புண் ஆறியது. அப்புறம் மூன்று வருஷம் இருந்தாய் அக்கா, கட்டிலில் படுத்தே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாய். கடைசியில் மார்பில் சளி கட்டிப் போனாய். உன்னைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்த பிலோமினா நர்ஸ், "முதுகுல ஒரு கீறல் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அங்கேயே நின்று அழுதேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும், நேற்று ஏன் பதில் சொல்லவில்லை என்று. தலை அறையிலும் கால் அறையிலும் இருப்பது என் பம்ப்புக் காற்று. நடு அறையில் இருப்பது நீ ஊதியது. ஒரு மாதத்தில் பாதி இறங்கிவிட்டது. எந்த ரப்பரும் காற்றை என்றைக்குமாகப் பிடித்துவைக்காது, இதை நானே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். கறுப்பி இன்னும் அந்தக் குழியில்தான் தூங்குகிறது. மணியன் கதவைப் பார்த்துப் படுத்திருக்கிறது.

இன்று காலை முதலில் தலை வால்வைத் திறந்தேன், பிறகு கால் வால்வை. அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உன் குழாயை எடுத்தேன். கிளிப்பை எடுத்ததும் காற்று மெல்ல வந்தது. ரப்பர் வாசனைதான். முழுவதும் வந்து முடிகிற வரை முகத்தை அங்கேயே வைத்திருந்தேன். கறுப்பி மெத்தையோடு கீழே கீழே இறங்கிக் கட்டில் பலகையைத் தொட்டது. நகத்தை நீட்டவே இல்லை.

மெத்தையைத் துடைத்து, குழாயை வெந்நீரில் கழுவி, சைக்கிள் கேரியரில் கட்டியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் மன்னார்புரம் கிளம்ப வேண்டும். உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் அக்கா. அந்த வீட்டில் மெத்தையின் நடு அறையில் என் பம்ப் படாது. அந்த அம்மாவால் முடிந்தால் அவரே ஊதட்டும். முடியாவிட்டால் ஆறுமுகம் ஊதட்டும், அவருக்கு மனைவியின் முதுகு தெரியும். அவர்கள் பூனைகள் இரண்டும் கட்டிலில்தான் இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. ஞாயிறுதோறும் பூசை முடிந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

உன் முதுகு தெரியாமல் காற்றடித்த,
உன் பஞ்சர்க்காரத் தம்பி
அந்தோணி