அன்று பலூன் விடவில்லை

என் அன்புக்குரிய சவரிக்கு,

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். ஆஸ்டின் டவுனில் இப்போது பேசிக்கொள்வதுபோல் நான் பறக்கும் தட்டு எதையும் பார்க்கவில்லை. பார்த்ததாக யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் சொன்னது மூன்றே சொற்கள்: "அன்று பலூன் விடவில்லை." மற்றதெல்லாம் பிறர் சேர்த்தது. இந்தக் கடிதத்தைக் கோயில் மாத இதழில் போடச் சொல்லியிருக்கிறேன். பேசியவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் கண்ணை மூடிய இந்த ஆறு வருடத்தில் உங்கள் வானிலை அலுவலக வேலையைப் பற்றி என்னிடம் விசாரித்துக்கொண்டு வந்த முதல் ஆள் தீபா என்ற பெண். யூடியூப் சேனல் நடத்துகிறாள். அந்தக் காலத்து ஜனங்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பயந்ததும், இந்தக் காலத்தில் வேற்றுக் கிரக விமானம் என்று செல்போனில் படம் பிடிப்பதும் ஒரே வெளிச்சம்தான் என்பது அவள் கட்சி. "அவங்க கிட்ட வேற பேரு இல்ல ஆன்ட்டி, அவ்ளோதான்" என்றாள். கேட்க நியாயமாக இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். டீ கொடுத்தேன், கேக் கொடுக்கவில்லை.

ஆனேக்கல் பக்கத்தில் ஒரு வீட்டில் கிடைத்தது என்று செல்போனில் ஒரு கடிதத்தின் படத்தைக் காட்டினாள். கன்னடத்தில் எழுதியிருந்தது. எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும். கான்வென்ட்டில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தார்கள், கன்னடம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் கீழே இருந்த கையெழுத்து உங்களுடையது. பக்கத்தில் உங்கள் பெயரும் உத்தியோகமும் போட்ட ரப்பர் முத்திரை. அலுவலகத் தாள்கூட இல்லை, வெறும் வெள்ளைத் தாள்.

அவளையே படிக்கச் சொன்னேன். ஏரிக்கரையில் அன்று மாலை தெரிந்தது, காற்றை அளக்க விளக்குக் கட்டி விடப்பட்ட வானிலை பலூன். அதற்கும் கரையில் குடியிருக்கும் முனியம்மா என்பவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவ்வளவுதான் கடிதம்.

சவரி, வானத்தில் எதையாவது பார்த்துவிட்டு ஜனங்கள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது உங்கள் வேலைகளில் ஒன்று. இங்கிலீஷில் எழுதி வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள். சிவப்புப் பென்சிலால் நான் திருத்திக் கொடுத்த பிறகுதான் அது டைப்புக்குப் போகும். சுக்கிரன், விமானம், பலூன், ஏரிச் சேற்றிலிருந்து எழும் வாயு என்று எத்தனை பதில்கள். ஒன்றும் என் கைக்குத் தப்பியதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த மாலை நானும் உங்களோடு இருந்தேன். உங்கள் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்து ஆனேக்கலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். நம் மகள் ரோசி என் இடுப்பில் இருந்தாள். ஏரிக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மஞ்சள் வெளிச்சம். அசையாமல் நின்றது. பிறகு காற்றுக்கு எதிர்த்திசையில், சரிவாக, அவசரமே இல்லாமல் போனது. என் புடவைத் தலைப்பு ஒரு பக்கம் பறந்துகொண்டிருக்க, அது இன்னொரு பக்கம் போனதால் எனக்குத் திசை நன்றாக நினைவிருக்கிறது. "எங்க பலூன்தான் ரெஜினா" என்றீர்கள். நானும் நம்பினேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் டைரிகளை அடுக்கும்போது அடுத்த நாள் பக்கத்தைப் படித்தேன். 'நேற்று பலத்த காற்று. பலூன் விடவில்லை.' அப்போது அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டேன். பலூன் விடவில்லை என்று மறுநாள் தெரிந்த பிறகு என்னிடம் சொல்ல மறந்திருப்பீர்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். இந்தக் கடிதமோ ஒரு மாதம் கழித்து எழுதியது. தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள்.

தவறான வாக்கியத்தை என் முன்னால் ஒருத்தர் படித்துவிட்டுச் சும்மா போக நான் விட்டதில்லை. கேமரா ஓடுவது தெரிந்தும் சொல்லிவிட்டேன், அன்று பலூன் விடவில்லை என்று.

அதை மட்டும் வெட்டி எடுத்து, வேற்றுக் கிரக விமானத்துக்கு அதிகாரியின் மனைவியே சாட்சி என்று போட்டுவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது ஸ்டெல்லா, "என்ன ரெஜினாக்கா, உங்க மொட்டை மாடில தட்டு இறங்குச்சாமே, எங்களுக்கும் ரெண்டு இட்லி வைக்கச் சொல்லுங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனியாக இருக்கிற கிழவி, கண்டதையும் பார்க்கிறாள் என்று அந்தச் சிரிப்புக்குப் பொருள். அது என்னைத் தைக்கவில்லை என்றால் பொய்.

அதைவிட, அந்த வீடியோவின் கீழே ஊர்க்காரர் யாரோ எழுதியிருந்தது என்னைத் தூங்கவிடவில்லை. 'பலூன் இல்லை என்றால் அன்று எங்கள் பெரியவர்கள் சொன்னது சரிதான், அவள்தான் ஏவினாள்.' முனியம்மாவைத்தான் சொல்கிறார்கள். என் மூன்று சொற்கள் செய்த வேலை அது.

முனியம்மா இப்போது உயிரோடு இல்லை. மகள் லட்சுமி பொம்மனஹள்ளியில் தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். தீபாவிடம் விலாசம் வாங்கிப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், வேவு பார்க்கவும்தான் போனேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக என் கணவர் ஏன் பொய் எழுத வேண்டும்? நீங்களே என் இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

லட்சுமி நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவள் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. அப்போது முனியம்மாவுக்குப் புருஷன் செத்து மூன்று மாதம். அவள் குடிசைக்கு மேலே வெளிச்சம் நின்றதால் ஊரில் இரண்டு மாடு செத்தது அவள் தலையில் விழுந்தது. அவள்தான் வாசலில் கொள்ளிவாய்ப் பிசாசைக் கட்டி வைத்திருக்கிறாள் என்று அடுப்பை உடைத்து, ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். சேதி கேள்விப்பட்டு நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருக்கிறீர்கள். என்னிடம் டியூட்டி என்று சொல்லிவிட்டு.

"ஏரி வாயுன்னு எழுதலாமேன்னு எங்கம்மா கேட்டுச்சாம்" என்றாள் லட்சுமி. "அதுக்கு சார், தரையிலிருந்து வந்துச்சுன்னு சொன்னா உன் வாசல்ல இருந்து வந்துச்சும்பாங்க. வானத்துல இருந்து வந்துச்சுன்னா யாருதும் இல்லன்னாராம். பலூன் இல்லன்னு எங்கம்மாவுக்கு அப்பவே தெரியும்மா. ஊரு பயந்தது முத்திரைக்குத்தான்."

நான் எழுந்துகொண்டேன். வாசல் வரை வந்து, தயங்கி, இன்னொன்றும் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா திருத்திடுவாங்கன்னு சொல்லித்தான் சார் கன்னடத்துல எழுதுனாராம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். திருத்தியிருப்பேனா? திருத்தியிருப்பேன். உங்கள் மேலதிகாரிக்கே எழுதியிருப்பேன். இப்போது திருத்தியும் விட்டேனே.

அன்றைக்கு அந்த வெளிச்சத்துக்குக் காரணம் சொல்ல ஒரு விதவை வேண்டியிருந்தது. இன்றைக்கு வேறு கிரகம் போதும், சாட்சிக்குத்தான் விதவை. இதில் எது முன்னேற்றம் என்று தீபாவைக் கேட்டேன். நான் பேசிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டாள். நீக்கினாளா, வேறு பெயரில் வைத்திருக்கிறாளா என்று தினமும் பார்க்கிறேன்.

முனியம்மாவிடம் உண்மையைச் சொன்னீர்கள். ஊருக்குப் பொய் சொன்னீர்கள். அதை நான் மன்னித்துவிட்டேன். என்னிடம் ஏன் ஊருக்குச் சொன்னதையே சொன்னீர்கள்? என் கண்ணால் பார்த்ததை நான் சந்தேகப்படும்படி நாற்பது வருடம் ஏன் விட்டீர்கள்?

இதைப் படிக்கும் ஆனேக்கல்காரர்களுக்கு ஒன்று. அந்தக் கடிதத்தில் இரண்டாவது வாக்கியம் முழுக்க உண்மை. முனியம்மாவுக்கும் அந்த வெளிச்சத்துக்கும் சம்பந்தம் இல்லை. நானும் பார்த்தேன், கையெழுத்துப் போட்டுச் சொல்கிறேன். உங்களுக்கு என் வாக்கு இது, சவரி: லட்சுமியின் வாசலுக்கு இந்தப் பேச்சு மறுபடி வந்தால் நானே போய் நின்று இதைச் சொல்வேன். டைரியை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

மற்றபடி நாம் பார்த்தது என்ன? உங்களுக்கே தெரியாது என்றால், தெரியாது என்று எழுதுங்கள். வாய்ச்சொல் எனக்குப் போதாது. எழுத்தில் பதில் தேவை.

உங்கள் மனைவி,
ரெஜினா